வீட்டுமொழியும் ஆக்கமொழியும்: கிரீஷ் கர்னாடின் கலைவாழ்வு - ஒரு மொழியியல் நோக்கு

1. முன்னுரை

ஒருவர் தம் தாய்மொழியில்தான் சிறந்த படைப்பினைத் தர இயலும் என்னும் கருத்து நம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. மொழியுணர்வின் பாற்பட்ட கருத்து என்ற அளவில் இது மதிக்கத்தக்கதே. ஆயினும் பன்மொழிச் சூழலில் வாழும் இந்தியக் கலைஞர்களின் வரலாற்றை நோக்கும்போது இக்கருத்து அப்படியே ஏற்கத்தக்கதாக இல்லை. நாடகாசிரியராகவும் நடிகராகவும் திரைப்பட இயக்குநராகவும் விளங்கிய கிரீஷ் கர்னாடின் (1938-2019) கலைவாழ்வு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. 1970-இல் பதிப்பகப் பணியைத் துறந்த பின்னர், இடையிடையே ஏற்ற சில பொறுப்புகள் நீங்கலாக, அவர் பெரும்பாலும் தனித்து இயங்கிய கலைஞர் ஆவார். அவ்வாறு தனித்து இயங்குவதற்கு மொழி அவருக்கு எவ்வகையில் துணைநின்றது என்பதையும், அதற்கு ஈடாக எது விடுபட்டது என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா இக்கட்டுரையாளருக்கு ஐதராபாத்து நகரின் அமீர்பேட் பகுதியில் எழுந்தது. கணினிப் பயிற்சி நிலையங்கள் நிறைந்த அப்பகுதியில் ஒரே மனிதர் வீட்டில் ஒரு மொழியும், கடைத்தெருவில் தெலுங்கோ தக்கனி உருதுவோ, வகுப்பறையில் ஆங்கிலமும் பேசுவது நாள்தோறும் காணும் காட்சியாகும். 1950-களில் தோன்றிய சாரதி ஸ்டூடியோ அமைந்திருப்பதும் இப்பகுதியில்தான். ஒரு மனிதரின் பல மொழிகளும் ஒன்றோடொன்று மோதாமல் தத்தம் களத்தில் நிற்பதை இங்குக் கண்கூடாகக் காணலாம். சமூக மொழியியலார் ஃபிஷ்மன் இதனை மொழிப் பயன்பாட்டுக் களங்கள் என்னும் கருத்தால் விளக்குவர். கர்னாடின் வாழ்வினை விளக்க இக்கருத்து பெரிதும் உதவுகிறது.

இக்கட்டுரையில் மூன்று சொற்கள் பின்வரும் பொருளில் ஆளப்படுகின்றன. குடும்பத்தில் பெற்ற மொழி வீட்டுமொழி. ஒருவர் தம் படைப்பினை முதன்முதலில் எழுதும் மொழி ஆக்கமொழி. பொருளீட்டுவதற்காகத் தொழில் செய்யும் மொழி பிழைப்புமொழி. இம்மூன்றும் ஒன்றாகவே அமைவது ஒரு நற்பேறு. ஆனால் அதுவே பொதுவிதி என்று கொள்வதற்கில்லை.

2. ஆக்கமொழி உருவான சூழல்

கர்னாட் 1938-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் மராட்டியப் பகுதியிலுள்ள மாதேரானில் பிறந்தார். அவருடைய வீட்டுமொழி கொங்கணி. தொடக்கக் கல்வி மராத்தியில் அமைந்தது. பின்னர்க் குடும்பம் வடகன்னடப் பகுதியின் சிர்சியில் வாழ்ந்தது. அவர் பதினான்கு வயதினராக இருந்தபோது தார்வாடுக்குக் குடிபெயர்ந்தது. தார்வாடு கர்நாடகக் கல்லூரியில் கணிதமும் புள்ளியியலும் பயின்று 1958-இல் பட்டம் பெற்றார்.

சிர்சியில் அவர் இருவகை நாடகங்களைக் கண்டு வளர்ந்தார். ஒன்று, ஊர் ஊராகச் சென்ற நாடகக் கம்பெனிகளின் நாடகம்; மற்றொன்று, திறந்தவெளியில் இரவில் நிகழ்ந்த யட்சகானம். இரண்டும் கன்னடத்தில் நிகழ்ந்தவை. வீட்டில் கேட்ட கொங்கணிக்கு இத்தகைய அரங்கம் அவ்வூரில் இல்லை. ஆகவே நாடகம் என்னும் கலைவடிவம் அவர் செவிக்குள் நுழைந்தபோதே கன்னடத்தின் ஓசையுடன் நுழைந்தது எனலாம்.

தார்வாடில் வேறு மூன்று வாய்ப்புகள் இதனோடு சேர்ந்தன. பள்ளியும் கல்லூரியும் கன்னட இலக்கியப் பயிற்சியைத் தந்தன. ஜி. பி. ஜோஷி 1933-இல் தோற்றுவித்த மனோகர கிரந்தமாலா என்னும் பதிப்பகம் இளம் எழுத்தாளரை வரவேற்றது. கீர்த்திநாத் குர்த்தகோட்டி போன்ற திறனாய்வாளர்கள் எழுதியதைப் படித்துக் குறைகூறவும் பாராட்டவும் அணியமாக இருந்தனர். கேட்ட அரங்கம், கற்ற பள்ளி, அச்சிடும் பதிப்பகம், எடைபோடும் திறனாய்வு ஆகிய இந்நான்கும் ஒரு மொழியை ஒருவருக்கு ஆக்கமொழியாக்கும் காரணிகள் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். பிறப்பு மட்டும் இதனைச் செய்வதில்லை.

இந்நிலை கர்னாடுக்கு மட்டும் உரியதன்று. கன்னடத்தில் இதுவரை ஞானபீட விருது பெற்றோர் எண்மர். அவருள் த. ரா. பேந்திரேயின் வீட்டுமொழி மராத்தி. மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் வீட்டுமொழி தமிழ். கர்னாடின் வீட்டுமொழி கொங்கணி. எண்மரில் மூவர் வீட்டில் கன்னடம் பேசாதவர் என்பது நோக்கத்தக்கது. தமிழிலும் இதற்கு ஒப்பான சான்று உண்டு. தெலுங்கை வீட்டுமொழியாகக் கொண்ட கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத் தமிழுக்கு இலக்கியத் தகுதியைப் பெற்றுத் தந்தார். தெலுங்கு பேசும் மக்களின் வாழ்வைத் தமிழில் கூறும் அவருடைய ‘கோபல்லபுரத்து மக்கள்’ 1991-இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றது.

3. ‘யயாதி’யும் எதிர்பாராத மொழித்தேர்வும்

இளமையில் கர்னாட் ஆங்கிலக் கவிஞராக வேண்டும் என்றே விரும்பினார். ரோட்ஸ் உதவித்தொகை பெற்று 1960-இல் ஆக்சுபோர்டுக்குப் புறப்படும் காலத்தில் அவர் எழுதியது ஆங்கிலக் கவிதையன்று, கன்னட நாடகம். அது நாடகமாக அமைந்ததும், கன்னடத்தில் அமைந்ததும், புராணக் கதையைப் பொருளாகக் கொண்டதும் ஆகிய மூன்றும் தமக்கே வியப்பளித்தன என்று அவர் பிற்காலத்தில் குறித்துள்ளார். தந்தையின் முதுமையை மகன் ஏற்கும் யயாதி கதையில், வெளிநாடு செல்லும் மகனுக்கும் அவனைப் பற்றி எதிர்பார்ப்புகள் கொண்ட குடும்பத்துக்கும் இடையிலான இறுக்கம் வெளிப்படுகிறது. ‘யயாதி’ 1961-இல் வெளிவந்தது.

இந்நாடகத்திற்கு வித்தாக அமைந்தது இராஜாஜியின் ஆங்கில மகாபாரதம் ஆகும். அந்நூலின் மூலம் தமிழில் அவர் எழுதிய ‘வியாசர் விருந்து’ என்பதைத் தமிழ் வாசகர் அறிவர். வடமொழிக் காப்பியம் தமிழ் உரைநடையாகி, அது ஆங்கிலமாகி, கொங்கணி வீட்டில் பிறந்த இளைஞரின் கையில் கன்னட நாடகமாயிற்று. கதை எம்மொழி வழியாகவும் வரலாம். அது உரையாடலாக எழுந்தபோது கன்னடமாகவே எழுந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது. மேடையில் ஒருவர் மற்றொருவரோடு பேசும் பேச்சினைக் கர்னாட் சிறுவயதில் கேட்ட மொழி அதுவன்றோ?

4. சென்னை ஆண்டுகள்

ஆக்சுபோர்டிலிருந்து 1963-இல் திரும்பிய கர்னாட், 1970 வரை ஆக்சுபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் சென்னை அலுவலகத்தில் பணியாற்றினார். பணி ஆங்கிலத்தில்; ஊர் தமிழில்; அவர் எழுதியதோ கன்னடத்தில். சென்னைப் பணிக்காலத்தின் தொடக்கத்தில், 1964-இல், ‘துக்ளக்’ வெளிவந்தது. தமிழில் சோ எழுதிப் புகழ்பெற்ற ‘முகமது பின் துக்ளக்’ இதனின்றும் வேறான படைப்பாகும்.

‘துக்ளக்’ நாடகத்தின் அமைப்பு பார்சி நாடகக் கம்பெனிகளின் மரபைத் தழுவியது. அம்மரபில் அரண்மனைக் காட்சி மேடையின் முழு ஆழத்தையும் கொண்டு நிகழும். அடுத்த அரண்மனைக் காட்சிக்கு மேடை அணியமாகும் வரை, முன்திரைக்கு முன்னால் தெருக்காட்சி நிகழும், நகைச்சுவைக்குரியதும் அதுவே. கர்னாட் இப்பகுப்பினை மேற்கொண்டார். ஆனால் சலவைத் தொழிலாளியான அசீசு என்னும் ஏமாற்றுக்காரன் தெருக்காட்சியின் எல்லையை மீறி இறுதியில் சுல்தானின் முன்னிலையிலேயே வந்து நிற்கிறான். மேல்கீழ் என்ற பகுப்பு உடைவதை மேடையமைப்பே காட்டிவிடுகிறது. சிர்சியில் கண்ட கம்பெனி நாடகம் இங்கு அரசியல் பொருளுடன் மீண்டும் வருகிறது.

இந்நாடகம் உருதுவில் மொழிபெயர்க்கப்பட்டுத் தேசிய நாடகப் பள்ளியால் நடிக்கப்பெற்றது. இப்ராகிம் அல்காசி 1974-இல் தில்லியின் பழங்கோட்டையில் அதனை அரங்கேற்றினார். தௌலதாபாத்துக்குத் தலைநகரை மாற்றிய சுல்தானின் கதை கன்னடத்தில் எழுதப்பெற்று, உருதுவின் வழியாகத் தில்லிக் கோட்டைக்கே திரும்பிச் சென்றது. வேறு மாநிலத்தவர் படிக்கக் கர்னாட் தாமே தம் நாடகங்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்காரின் ‘ஏவம் இந்திரஜித்’ நாடகத்தையும் அவர் ஆங்கிலமாக்கினார். இவ்வாறு ஆங்கிலம் அவருக்குப் பிறரிடம் செல்லும் வாயிலாக அமைந்தது.

1971-இல் வெளிவந்த ‘ஹயவதனம்’ மொழியியலார்க்குச் சிறப்பாகப் பயன்படும் நாடகமாகும். கதாசரித்சாகரத்தில் உள்ள தலைமாறிய கதையைத் தாமஸ் மன் செருமானியத்தில் நெடுங்கதையாக்கினார். அதனின்றும் கர்னாட் தம் நாடகத்தை அமைத்தார். பாகவதர், அரைத்திரை, முகமூடி முதலிய யட்சகானக் கூறுகள் இதில் கையாளப்பட்டுள்ளன. குதிரைத் தலையும் மனித உடலும் கொண்ட ஹயவதனன் முழுமை வேண்டுகிறான். அவன் முழுக் குதிரையாக ஆன பின்னும் மனிதக் குரல் எஞ்சி நிற்கிறது. அக்குரலும் நீங்கிக் கனைப்பு வந்த பிறகே அவன் நிறைவு பெறுகிறான். உடலால் அன்றிக் குரலால்தான் ஒருவன் மனிதன் ஆகிறான் என்று இந்நாடகம் கூறுகிறது. மொழிகள் பலவற்றிடையே வாழ்ந்த ஒருவரிடமிருந்து இக்கருத்து பிறந்தது இயல்பே.

5. திரைப்படத்தில் மொழிகளின் கூட்டு

யு. ஆர். அனந்தமூர்த்தியின் ‘சம்ஸ்காரா’ நாவல் 1970-இல் திரைப்படமாயிற்று. கர்னாட் அதன் திரைக்கதையில் பங்கேற்றதுடன் பிராணேசாச்சாரியராகவும் நடித்தார். இயக்குநர் பட்டாபிராம ரெட்டி தெலுங்குக் கவிஞர். ஒளிப்பதிவாளர் டாம் கோவன் ஆஸ்திரேலியர். கலை இயக்கத்தில் சென்னைச் சோழமண்டலத்தைச் சேர்ந்த ஓவியர் எஸ். ஜி. வாசுதேவ் துணைநின்றார். தெலுங்கரும் கொங்கணியரும் அயல்நாட்டவரும் கூடிக் கன்னடப் புதிய திரைப்படத்தின் தொடக்கமாகக் கருதப்படும் படத்தை உருவாக்கினர். தணிக்கைக் குழு முதலில் அதற்குத் தடை விதித்தது. தடை நீங்கியபின் அப்படம் சிறந்த படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது.

அடுத்து பி. வி. காரந்துடன் இணைந்து இயக்கிய ‘வம்சவிருட்சம்’ (1971) சிறந்த இயக்கத்திற்கான தேசிய விருது பெற்றது. ‘காடு’ (1973), ‘ஒந்தானொந்து காலதல்லி’ (1978), இந்தியில் ‘உத்சவ்’ (1984), குவெம்புவின் நாவலைத் தழுவிய ‘கானூரு ஹெக்கடத்தி’ (1999) ஆகியவை அவர் இயக்கிய பிற படங்களுள் சில. 1974-75-இல் புனே திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார்.

ஐதராபாத்துடன் கர்னாடை இணைப்பது சியாம் பெனகலின் நட்பாகும். பெனகல் (1934-2024) ஐதராபாத்தின் திருமலகிரியில் பிறந்தவர். அவருடைய குடும்ப மொழியும் கொங்கணியே. தெலங்கானாவின் நிலவுடைமைக் கொடுமையைக் கூறும் ‘நிஷாந்த்’ (1975) படத்தில், மனைவியைப் பறிகொடுத்த பள்ளி ஆசிரியராகக் கர்னாட் நடித்தார். ஐந்து லட்சம் பால் உற்பத்தியாளர்கள் தலைக்கு இரண்டு ரூபாய் அளித்துத் தயாரித்த ‘மந்தன்’ (1976) படத்தில் கூட்டுறவு அமைக்க வரும் மருத்துவராக நடித்தார். வீட்டில் கொங்கணி பேசிய இருவர் தெலங்கானாவின் துயரையும் குசராத்தின் கூட்டுறவையும் இந்தியில் படமாக்கினர். தக்கணத்துப் பன்மொழிச் சூழலில் வளர்ந்தவர்க்கே இத்தகைய மொழிக்கடப்பு எளிதாகும்.

6. பிழைப்புமொழிகள்

நாடகம் எழுதி வாழ இயலாது என்பதைக் கர்னாட் நன்கு அறிந்திருந்தார். பொருளுக்காகவே வணிகப் படங்களில் நடித்ததாக வெளிப்படையாகக் கூறினார். தெலுங்கில் ஜந்தியாலா இயக்கிய ‘ஆனந்தபைரவி’யில் கூச்சிப்புடி ஆசானாகவும், தமிழில் ‘குணா’ (1991), ‘காதலன்’ (1994), ‘மின்சாரக் கனவு’ (1997) முதலிய படங்களிலும் நடித்தார். தமிழ்ப் பார்வையாளர் பலருக்கு அவர் ‘காதலன்’ படத்து ஆளுநர் மட்டுமே. அவர்தாம் ‘துக்ளக்’ எழுதியவர் என்பது அவர்களுக்குத் தெரியாது.

தொலைக்காட்சியில் அவர் நடித்த ‘மால்குடி நாட்கள்’ இங்குச் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. தமிழை வீட்டுமொழியாகக் கொண்ட ஆர். கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதிய கதைகளைக் கன்னட நடிகர் சங்கர் நாக், கர்நாடகத்தின் ஆகும்பேயில் படம்பிடித்து இந்தித் தொடராக்கினார். கொங்கணியை வீட்டுமொழியாகக் கொண்ட கர்னாட் அதில் சிறுவன் சுவாமியின் தந்தையாக நடித்தார். பார்த்தவர் எவரும் இதனைக் கலப்படம் என்று கருதவில்லை; தம் ஊர்க்கதை என்றே கொண்டனர்.

நடிப்பில் ஈட்டிய பொருளைக்கொண்டு கர்னாட் எழுதும் உரிமையைக் காத்துக்கொண்டார். பிழைப்புமொழிகள் மாறிக்கொண்டே இருந்தன. ஆக்கமொழி பெரும்பாலும் மாறவில்லை. ‘நாகமண்டலம்’ (1988), ‘தலெதண்ட’ (1990), ‘அக்னி மத்து மளெ’ (1995) ஆகியவை வணிகப் படங்களில் அவர் மிகுதியும் நடித்த ஆண்டுகளில் எழுதப்பெற்றவை என்பது இதற்குச் சான்றாகும். அவருடைய தனித்தியங்கும் தன்மை, மொழிகளை இவ்வாறு களம் பிரித்துக் காத்ததன் பயன் எனலாம்.

7. ஆங்கிலம் பற்றிய வினா

இப்பகுப்பு எப்போதும் அமைதியாக நிற்கவில்லை. பிரித்தானிய ஒலிபரப்புக் கழகம் கேட்டுக்கொண்டதற்கிணங்கத் திப்பு சுல்தானின் கனவுகள் பற்றிய நாடகத்தை அவர் முதலில் ஆங்கிலத்தில் எழுதினார். ஆங்கிலம் ஆக்கமொழியின் எல்லைக்குள் நுழைந்தபோது எழும் மனச்சிக்கலை ‘ஒடகலு பிம்ப’ என்னும் நாடகத்தில் அவரே பொருளாக்கினார். கன்னடச் சிறுகதையாளர் மஞ்சுளா நாயக் ஆங்கில நாவல் ஒன்றினால் உலகப்புகழ் பெறுகிறார். தொலைக்காட்சி நிலையத்தில் அவருடைய பிம்பமே திரையில் தோன்றி அவரை வினவத் தொடங்குகிறது. அந்நாவல் இறந்துபோன தங்கை எழுதியது என்னும் உண்மை இறுதியில் வெளிப்படுகிறது.

‘கன்னடத்தைவிட்டு ஏன் ஆங்கிலத்தில் எழுதினாய்?’ என்ற பொதுமக்களின் வினாவுக்கு மஞ்சுளா ஆயத்தமாக விடை வைத்திருக்கிறார். அவரால் விடை கூற இயலாதது ‘அதனை எழுதியவர் யார்?’ என்ற வினாவுக்கே. மொழிமாற்றத்தைத் துரோகம் என்று பழிப்போரையும், அதனைப் பெருமையாகக் கொள்வோரையும் இந்நாடகம் ஒருசேர மறுக்கிறது. படைப்பாளர் எம்மொழியில் எழுதினார் என்பதினும், அப்பட்டறிவு அவருடையதா என்பதே முதன்மையானது என்று அது உணர்த்துகிறது. இந்நாடகம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் மேடையேறியது.

8. விடுபட்ட மொழி

மேற்கூறிய அனைத்திலும் கொங்கணிக்குக் கிடைத்த இடம் யாது? சாகித்திய அக்காதெமி 1975-இல் கொங்கணியைத் தனி மொழியாக ஏற்றது. 1992-இல் அது அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. இவ்விரண்டும் கர்னாடின் ஆக்கமொழி உறுதிப்பட்ட பின்னர் நிகழ்ந்தவை. தேவநாகரி, உரோமன், கன்னடம், மலையாளம் எனப் பல எழுத்துகளில் சிதறியிருந்த அம்மொழிக்கு அவர் இளமையில் வாழ்ந்த ஊர்களில் பள்ளியோ பதிப்பகமோ வலுவாக இல்லை. பிற்காலத்து நாடகமான ‘திருமண ஆல்பம்’ தார்வாடுச் சாரஸ்வதக் குடும்பம் ஒன்றின் கதையாகும். அவர் பிறந்த சமூகம் இறுதியில் அவர் மேடைக்கு வந்தது; அதன் மொழி வரவில்லை.

இதற்காகக் கர்னாடைக் குறைகூறுதல் பொருந்தாது. மராட்டிய எல்லையிலுள்ள குப்வாடு என்னும் ஊரை ஆராய்ந்த கம்பர்சும் வில்சனும் 1971-இல் வெளியிட்ட கட்டுரை ஓர் உண்மையைக் காட்டியது. அங்குள்ள சமூகங்கள் ஒன்றோடொன்று நெருங்கிப் பழகி, அவற்றின் மொழிகள் இலக்கணத்தில் ஒன்றுபட்ட பின்னும் தத்தம் வீட்டுமொழியை விடவில்லை. வீட்டில் ஒரு மொழி நிலைத்திருப்பதற்கு வீடே போதும் என்பது இதனால் புலனாகிறது. ஆனால் அது இலக்கியம் ஆவதற்கு வீடு மட்டும் போதாது.

9. முடிவுரை

கர்னாடின் கலைவாழ்விலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, ஆக்கமொழியை முடிவு செய்வது பிறப்பன்று. அரங்கம், பள்ளி, பதிப்பகம், திறனாய்வு ஆகியவற்றின் கூட்டே அதனை முடிவு செய்கிறது. இரண்டாவதாக, பிழைப்புமொழியையும் ஆக்கமொழியையும் களம் பிரித்து வைத்துக்கொள்ளும் கலைஞர் சந்தையின் கட்டளையிலிருந்து ஓரளவு விடுபட இயலும். மூன்றாவதாக, ஒரு மொழி பிறமொழி வீட்டாரையும் தன் எழுத்தாளராக ஏற்கும்போது வளம் பெறுகிறது. கன்னடம் அவ்வாறு பெற்றது, தமிழும் பெற்றுள்ளது.

தமிழர் இவ்வரலாற்றைப் படிக்கும்போது, தமிழைக் கன்னடம் நின்ற இடத்தில் வைத்தே எண்ணுவது இயல்பு. தமிழ்நாட்டில் அது சரியே. ஆனால் அமீர்பேட்டில் வளரும் தமிழ்க் குழந்தையை நோக்கினால் நிலை வேறாகிறது. அக்குழந்தை வீட்டில் தமிழ் பேசுகிறது. பள்ளியில் ஆங்கிலமும் தெலுங்கும் இந்தியும் கற்கிறது. தமிழில் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் அறியாமல் வளர்வது அரிதன்று. அங்குத் தமிழ் நிற்பது கன்னடத்தின் இடத்திலன்று. சிர்சியில் கொங்கணி நின்ற இடத்தில்.

அக்குழந்தை நாளை தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ ஒரு ‘துக்ளக்’ எழுதினால் அதற்காக நாம் மகிழவே வேண்டும். ஆயினும் தமிழில் எழுத அக்குழந்தைக்கு வாய்ப்பிருந்ததா என்ற வினா நம்மை நோக்கியே எழும். ஞாயிறுதோறும் ஒரு மணிநேரத் தமிழ் வகுப்பு, ஆண்டுக்கு ஒருமுறை குழந்தைகள் நடிக்கும் தமிழ் நாடகம், அவர்கள் எழுதியதை அச்சிடும் ஒரு சிறு கையேடு, அதனைப் படித்துக் கருத்துக் கூறும் சிலர் என இந்நான்கும் பெருஞ்செலவு வேண்டாதவை. தார்வாடு ஓர் இளைஞருக்குச் செய்தது ஏறத்தாழ இவ்வளவே.